பணியாளர் மனச்சோர்வும் தொழில்வழிச் சிகிச்சையும்

பணியாளர் மனச்சோர்வுக்கான தொழில்வழிச் சிகிச்சை என்பது மனச்சோர்வு நோயால் வேலையைத் தொடர இயலாதவரும் நோய் விடுப்பில் இருப்பவரும் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் மறுவாழ்வு முறை ஆகும். இது மருந்துக்கோ உளச்சிகிச்சைக்கோ மாற்று அன்று. அவற்றுடன் சேர்த்து அளிக்கப்படுவது. இதனை முறைப்படி ஆய்ந்த நாடுகளுள் நெதர்லாந்து குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலத்தில் ஆக்குபேசனல் தெரபி எனப்படும் இத்துறையில் 'தொழில்' என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. குளித்தல், சமைத்தல், பேருந்தில் செல்லுதல் போன்ற அன்றாடச் செயல்களும் அதில் அடங்கும். காலையில் எழுந்து ஆயத்தமாவதே மனச்சோர்வுற்றவருக்குப் பெரும்பாடு ஆதலால், இவ்விரிந்த பொருள் இங்கு முக்கியமானது.

செயற்படும் முறை

சிகிச்சையாளர் முதலில் வேலையைப் பகுத்து ஆராய்கிறார். மனச்சோர்வு கவனத்தையும் நினைவையும் முடிவெடுக்கும் திறனையும் பாதிக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கணக்காளருக்குக் கணக்குப் பதிவதில் இடர் இல்லாமல், இடையிடையே வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே இயலாமல் போகலாம். அவ்வாறாயின் காலை இரண்டு மணி நேரம் அழைப்புகளை வேறொருவர் ஏற்பதே போதிய மாற்றமாக அமையக்கூடும். 'வேலை செய்ய முடியவில்லை' என்பதை இவ்வாறு 'எந்தப் பகுதியைச் செய்ய முடியவில்லை' என்று மாற்றிக் கேட்பதே இம்முறையின் அடிப்படை.

அடுத்து வேலை நேரம் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. எளிய பணிகள் முதலிலும் பொறுப்பு மிகுந்தவை பின்னரும் தரப்படும். கூடுதல் வேலையை மறுத்தல், உதவி கேட்டல், நீண்ட விடுப்புக்குப் பின் சக பணியாளரை எதிர்கொள்ளல் ஆகியவை நடித்துப் பழகப்படுகின்றன. சிலருக்கு வேலையைவிட, முதல் நாள் "எங்கே போயிருந்தீர்கள்?" என்ற கேள்வியே பெரிய தடையாக இருக்கும்.

நெதர்லாந்துச் சட்டச் சூழல்

அந்நாட்டில் நோயுற்ற பணியாளரை மீண்டும் வேலையில் அமர்த்த முயல்வது முதலாளியின் சட்டக் கடமை. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி ஆறாவது வாரத்துக்குள் நிறுவன மருத்துவரின் மதிப்பீடும் எட்டாவது வாரத்துக்குள் செயல்திட்டமும் ஆயத்தமாக வேண்டும். 2004 முதல், சம்பளத்தில் குறைந்தது 70 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் வரை முதலாளியே தர வேண்டும். ஆயினும் நோயின் பெயரைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே வேலை நேரம், பணிகள், இயலும் அளவு ஆகியவை பற்றியே பேச்சு நடக்கிறது. நோயைக் குறிப்பிடாமலே வேலையைப் பற்றிப் பேசும் இச்சிகிச்சை அதற்கு ஏற்றதாகும்.

ஆய்வுகள்

ஆம்ஸ்டர்டாமின் கல்விசார் மருத்துவ மையத்தில் நடந்த இரு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. 2007இல் வெளியான முதலாவதில் 62 பேர் பங்கேற்றனர். தொழில்வழிச் சிகிச்சையும் பெற்றவர்கள் முதல் 18 மாதங்களில் இழந்த வேலை நாட்கள் குறைவு. ஆனால் அவர்களது மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. விரைவில் திரும்பியதால் வேலை அழுத்தம் கூடவும் இல்லை.

2013இல் வெளியான இரண்டாவது ஆய்வில் 117 பேர் இருந்தனர். 18 அமர்வுகளுள் ஒன்று முதலாளியுடனான சந்திப்பு. இம்முறை வேலைக்கு வந்த மணி நேரத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மனச்சோர்வு நீண்ட காலம் தணிந்திருத்தலிலும் நல்ல உடல், மன நிலையுடன் முழு வேலைக்குத் திரும்புதலிலும் தொழில்வழிச் சிகிச்சை பெற்றவர்களே முன்னணியில் இருந்தனர். இருக்கையில் அமர்ந்திருப்பதும் நலம் பெற்றிருப்பதும் வெவ்வேறு என்பதால், வருகைப் பதிவை மட்டும் அளந்திருந்தால் இரண்டாவது ஆய்வு தோல்வியாகவே கருதப்பட்டிருக்கும்.

வரம்புகள்

ஆட்குறைவால் ஏற்படும் பணிச்சுமையையோ மேலாளரின் கடுமையையோ சிகிச்சையாளரால் நீக்க இயலாது. சுயதொழில் செய்வோருக்கு மேற்கண்ட சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்காகச் சந்தித்துப் பேச ஒரு முதலாளியும் இல்லை.