பெட்டிக்குள் இருக்கும் 1954

டர்ன்டேபிள் வாங்கிய நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ‘போனோ பிரீஆம்ப்னு தனியா ஒன்னு வாங்கணுமாமே, அது எதுக்கு?’ என்பது முதலாவது. ‘ஆக மலிவா எது இருக்கு?’ என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். முதலாவதற்கு, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 1954-இல் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் சிபாரிசு செய்தால், நம் பழைய பாடகர்களின் குரலைப் பற்றி நாம் வைத்திருக்கும் சில அபிப்பிராயங்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாமலே போய்விடும்.

கடைகளில் கிடைக்கும் வழக்கமான விளக்கம், ‘சத்தம் பத்தாது, அதுக்குத்தான்.’ தப்பில்லை, ஆனால் பாதிதான். மூவிங் மேக்னெட் வகை கார்ட்ரிட்ஜ் ஒன்று உண்டாக்கும் மின்னழுத்தம் 4 அல்லது 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் ஆம்ப்புக்கு அனுப்புவது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். எனவே பெட்டி 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு, பெருக்கித் தருகிறது. வேலை இதோடு முடிந்திருந்தால் சாதாரண மைக் ஆம்ப்பே போதும். யாராவது அப்படி இணைத்துக் கேட்டிருந்தால் தெரியும்: பேஸ் அறவே இருக்காது, ட்ரிபிள் தகரத்தைச் சுரண்டுவதுபோல் பிய்த்துக்கொண்டு வரும். தட்டில் இருப்பதே அப்படித்தான்.

வேண்டுமென்றே அப்படி வெட்டியிருக்கிறார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுப்பும் தாழ்ந்த ஒலியை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலையும், பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதைத் தவிர்க்க இடைவெளி விட்டால் ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுத்தான் அடங்கும். ஆகவே பேஸைக் குறைத்து வெட்டினார்கள். மறுபுறம், தட்டின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ட்ரிபிள் பக்கம்தான் அதிகம். ட்ரிபிளை உயர்த்தி வெட்டிவிட்டு, கேட்கும்போது குறைத்துக்கொண்டால் இரைச்சலும் சேர்ந்து குறையும். வெட்டும்போது செய்ததை வீட்டில் யாராவது தலைகீழாகச் செய்ய வேண்டுமல்லவா? அதுதான் போனோ பிரீஆம்ப்பின் மீதிப் பாதி வேலை. 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் அது செய்யும் வித்தியாசம் கிட்டத்தட்ட 39 டெசிபெல். மடங்கில் சொன்னால் 88 மடங்கு. அந்தச் சின்னப் பெட்டி செய்வது சின்ன வேலையல்ல.

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் சண்டை. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வந்ததிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு வளைவை வைத்திருந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்பியைக் கொண்டுவந்தபோது அதற்கென ஒரு வளைவு. ஆர்சிஏ விக்டருக்கு இன்னொன்று, டெக்காவுக்கு மற்றொன்று, 1951-இல் ஒலிப்பொறியாளர் சங்கம் முன்வைத்தது வேறொன்று. 1950களின் விலையுயர்ந்த பிரீஆம்ப்புகளில் எந்தத் தட்டுக்கு எந்த வளைவு என்று தேர்ந்தெடுக்கவே தனிப் பொத்தான்கள் இருந்தன. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ, ஆர்சிஏவின் வளைவையே பொது அளவாக ஏற்றுக்கொண்டது. பொத்தான்கள் மெல்ல மறைந்தன. இன்று நீங்கள் வாங்கும் எந்த மலிவுப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அந்த உடன்பாடுதான், சில ரெசிஸ்டர்களும் கப்பாசிட்டர்களுமாக.

‘எங்க தாத்தா வீட்டு ரேடியோகிராமுக்கு இந்தப் பெட்டியெல்லாம் கெடையாதே’ என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் காலத்து மலிவான பிளேயர்களில் இருந்தது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது மில்லிவோல்ட் கணக்கில் அல்ல, அரை வோல்ட் அளவுக்குக்கூடத் தரும். அதோடு பள்ளத்தின் வேகத்துக்கு அல்லாமல் அகலத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தருவதால், ஆர்ஐஏஏ வளைவை ஏறக்குறைய தானாகவே சரிசெய்துவிடும். ஏறக்குறையதான். பதிலுக்கு ஊசி தட்டின் மேல் ஐந்தாறு கிராம், சிலவற்றில் அதற்கும் மேல், அழுத்தும். நம் சந்தைகளில் கிடைக்கும் பழைய தமிழ்த் தட்டுகள் உழுத வயல்போல் இருப்பதற்கு அந்த ஊசிகளும் ஒரு காரணம்.

மூவிங் மேக்னெட் பரவியபோது பெட்டி ஆம்ப்புக்குள்ளேயே இருந்தது. 1978-இல் வந்த நாட் 3020 மலிவான ஆம்ப்தான். அதன் உள்ளே நல்ல போனோ பகுதி இருந்தது, அதற்காகவே இன்றும் தேடுகிறார்கள். 1982-இல் சிடி வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் செலவை மிச்சப்படுத்தினார்கள். அப்படி ஆம்ப்பிலிருந்து வெளியேற்றப்பட்டதுதான் தனிப்பெட்டியாக இன்று நம்மிடம் விலைக்கு வருகிறது.

இனி இரண்டாவது கேள்வி. பெஹ்ரிங்கர் பிபி400 சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. அதற்கு மேல் ஏஆர்டி நிறுவனத்தின் டிஜே பிரீ டூ. அதற்கும் மேல் ரேகா, புரோஜெக்ட், ஷிட் மானி என்று போய்க்கொண்டே இருக்கும். நான் முதலில் பார்ப்பது கப்பாசிட்டன்ஸ். பலர் வாங்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட்தான் ஆகும். டர்ன்டேபிளின் கம்பிகளே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பெட்டியும் இன்னொரு 200 சேர்த்தால் மேல் ஒலிகள் கூர்மையாகி, ‘ச’ வரும் இடமெல்லாம் காதைக் கீறும். ஏஆர்டியில் இதை 100, 200 என்று மாற்ற ஒரு விசை இருக்கிறது. அந்த விலையில் அது பெரிய விஷயம். மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் பற்றிக் கேட்காதீர்கள். அது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தரும், 60 டெசிபெல் பெருக்கம் கேட்கும், உங்கள் பட்ஜெட்டை முடித்துவிடும்.

அடுத்தது வளைவின் துல்லியம். 1979-இல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். புழக்கத்தில் இருந்த பிரீஆம்ப்புகள் பலவற்றில், விலை கூடியவை உட்பட, ஆர்ஐஏஏ கணக்கே பிசகியிருக்கிறது என்று சூத்திரங்களோடு காட்டினார். இன்று நல்ல உதிரிகள் மலிந்துவிட்டதால் குறைந்த விலைப் பெட்டிகளும் இதில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. மூவாயிரம் வெள்ளிப் பெட்டியில் கேட்கும் ‘மாயம்’ பற்றிப் பேசுபவர்களிடம் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. ஆனால் துல்லியம் ஓர் இடத்தில் மிக முக்கியம் என்று நினைக்கிறேன், அதற்குச் செங்கோட்டை கிட்டப்பாவிடம் போகவேண்டும்.

கிட்டப்பா 1933-இல் இறந்தபோது வயது 27. பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டிய உச்சஸ்தாயி என்று புகழப்பட்ட அந்தக் குரல் நம்மிடம் இருப்பது 78 ஆர்பிஎம் தட்டுகளின் பள்ளத்தில் மட்டும்தான். அந்தத் தட்டுகளுக்கு 1954 தெரியாது. அப்போது ட்ரிபிளை உயர்த்தி வெட்டும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பேஸைக் குறைக்கத் தொடங்கும் எல்லையும் ஆர்ஐஏஏ சொல்லும் 500 ஹெர்ட்ஸ் அல்ல, 250, 300 வாக்கில். இன்றைய பெட்டி இதையெல்லாம் விசாரிக்காது. உயர்த்தாத ட்ரிபிளையும் அது குறைக்கும். 5,000 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல் போய்விடும், பாதிக்கும் கீழே. பேஸோ ஏறக்குறைய இரண்டு மடங்காக வீங்கும். குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோன்ற ஒரு குரல் வரும். இரைச்சலும் சேர்ந்து குறைவதால் ‘ஆஹா, நல்லா கிளீனா இருக்கே’ என்று மகிழ்பவர்களும் உண்டு. ‘பழைய பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று நாம் சொல்லும்போது பழைய பாட்டைச் சொல்கிறோமா, பெட்டியைச் சொல்கிறோமா?

இது ஆடியோ பிரியர்களின் வெட்டி விவாதம் இல்லை. இங்கே தாத்தா, பாட்டி காலத்து 78 தட்டுகளை யூஎஸ்பி டர்ன்டேபிளில் ஒருதரம் ஓட்டி, கணினியில் ஏற்றிவிட்டு, தட்டைத் தூக்கிப்போடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அரக்கினால் ஆன தட்டு, கீழே விழுந்தால் உடையும். உடைந்தபின் அந்த எம்பி3தான் மிச்சம்.

அதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். 78-க்கென அகலமான ஊசி வேண்டும்; எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் குப்பையைத்தான் வாசிக்கும். பெட்டி மலிவானதாகவே இருக்கட்டும், வளைவு மட்டும் சரியாக இருக்கவேண்டும். ஏனென்றால் அது செய்ததை நீங்கள் கணினியில் அவிழ்க்கப்போகிறீர்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ஆர்ஐஏஏ வளைவைத் தலைகீழாக்கிப் போட்டால் பெட்டியின் கைவரிசை நீங்கிவிடும். பெட்டியின் கணக்குப் பிசகியிருந்தால் இந்த அவிழ்ப்பும் பிசகும், லிப்ஷிட்ஸின் கவலை நம் கவலையாவது இங்கேதான். உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையென்றால் 45-இல் ஓட்டிப் பதியலாம், ஆனால் முதலில் ஆர்ஐஏஏவை நீக்கிவிட்டுப் பிறகுதான் வேகத்தைக் கூட்டவேண்டும். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோ ஆக்குங்கள், மேலும் கீழும் ஊசி குதிப்பதால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடைசியாகத் தட்டின் காலத்துக்குரிய வளைவு. 

எந்த வளைவு என்பதற்குத் தட்டின் மேல் சீட்டு ஒட்டியிருக்காது. 78 என்றாலே 1954-க்கு முந்தியது என்றும் எண்ணிவிட முடியாது. இந்தியாவில் 1960களில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட 78-இல் அச்சாகியிருக்கின்றன. பல வளைவுகளைப் போட்டுப்போட்டுக் காதால்தான் முடிவுசெய்ய வேண்டும். ஹார்மோனியமும் குரலும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கும் இடத்தை நான் தேடுவேன். முடிவு எதுவானாலும், வளைவு எதையும் போடாத பதிவு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டையும் தூக்கிப்போடாதீர்கள்.