வலிப்பு மாத்திரையும் கஞ்சாச் சட்டமும்

போன வருஷம் கம்பத்திலிருக்கும் என் தங்கை மகன் ஒரு கல்யாணத்துக்காகக் குமுளி போனான். எல்லையில் கஞ்சா சோதனை நடக்கும், அவன் சாப்பிடும் வலிப்பு மாத்திரையும் அதே சட்டத்தில்தான் வருகிறது என்று யாரோ சொல்ல, பயந்துபோய் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டான். மூன்றாம் நாள் பந்தியில் வலிப்பு வந்து விழுந்தான். நெற்றியில் ஆறு தையல். "நிஜமாவே கேஸ் போடுவாங்களா மாமா?" என்று கேட்டான். முப்பது வருஷம் அரசாணை படித்த குமாஸ்தா அல்லவா, தேடிப் பார்த்தேன்.

மாத்திரையின் பெயர் பினோபார்பிட்டோன். அது வலிப்பைத் தடுக்கும் என்று 1912-ல் எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன். நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் அதைக் 'கார்தெனால்' என்போம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வலிப்பு வந்தால் தெருவே சாவிக்கொத்தோடு ஓடும். அவர் அம்மா மட்டும் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். யாரும் சட்டம் பேசியதில்லை.

1971-ல் வியன்னா ஒப்பந்தம் இதை நான்காவது பட்டியலில், கட்டுப்பாடு குறைந்த வரிசையில் வைத்தது. 1985-ல் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டம் வந்தபோது, கஞ்சாவும் அபினும் இருக்கிற அதே சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இதுவும் ஏறியது.

இது கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. ரிஷிகேஷில் வலிப்புக்கு வைத்தியம் செய்த ஓர் ஆயுர்வேத மருத்துவரிடம் பினோபார்பிட்டோன் பிடிபட்டது. விதிகளின் முதல் பட்டியலில் இந்த மருந்து இல்லை, ஆகவே சட்டத்தின் தடை இதற்குப் பொருந்தாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவருக்குக் கிடைத்த ஜாமீனை உறுதிசெய்தது. 2014-ல் தேஷ்பாண்டே வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் பட்டியலில் இருந்தாலே தடை உண்டு. மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும், அதுவும் விதிப்படி மட்டுமே விலக்கு என்றார்கள்.

ஆக, தங்கை மகன் கேள்விப்பட்டது பாதி உண்மை. மீதிப் பாதி விதி 66-ல் இருக்கிறது. சொந்த வைத்தியத்துக்கு ஒருவர் ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நெடுநாள் உபயோகத்துக்கென்று டாக்டர் குறிப்பாக எழுதித் தந்தால் 300 வரை.

இப்போது அவன் சட்டைப்பையில் மாத்திரை அட்டையும் டாக்டர் சீட்டின் நகலும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் இதைச் சொல்லிவையுங்கள். திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.