மரம் சாயும் திசை

நின்ற மரத்தை வீழ்த்துதல் மனிதன் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். கோடரியால் நெடுநேரம் உழைத்துச் சாய்த்த மரத்தை இன்று சங்கிலி வாள் சில நிமிடங்களிற் சாய்த்துவிடுகின்றது. இவ்வேகம் வந்த கதை ஒன்று. அதனைத் தொடர்ந்து காவல் வந்த கதை மற்றொன்று.

சங்கிலி வாளின் முன்னோடி காட்டிற் பிறந்ததன்று; வைத்தியர் கையிற் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்து வைத்தியர்களான ஜோன் எயிற்கின், ஜேம்ஸ் ஜெஃப்றி என்போர் எலும்பறுக்கப் பற்களுடைய சிறு சங்கிலியைக் கையாண்டனர். 1926 இல் ஜேர்மனியரான அந்திரேயாஸ் ஸ்ரீல் மரமறுக்கும் மின்சாரச் சங்கிலி வாளை அமைத்தார். அதன் நிறை 60 கிலோகிராமிற்கு மேற்பட்டது. ஏந்துவதற்கு இருவர் வேண்டியிருந்தது. 1929 இல் அவரது பெற்றோல் யந்திரம் வந்தது.

1946 இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மரத்தொழிலாளி யோசேப் கொக்ஸ், மரக்குற்றியொன்றை அரிக்கும் வண்டுப் புழுவைக் கண்டார். அது இடமும் வலமுமாக மரத்தை மென்று செல்வதை உற்றுநோக்கி, அதன் தாடைகளை ஒத்த பற்களைச் சங்கிலியில் அமைத்தார். 1950 அளவில் ஒருவர் தனியே ஏந்தும் யந்திரங்களும் வந்தன.

பாரம் குறைந்தது, ஆபத்துக் குறையவில்லை. வாள் நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் யந்திரம் ஏந்தியவன் முகத்தை நோக்கி எகிறும். ஓயாத அதிர்வினால் விரல்கள் வெளிறி உணர்விழந்தன. அதிர்வைத் தணிக்கும் அமைப்பு 1960களிலும், ஓடும் சங்கிலியைக் கணத்தில் நிறுத்தும் தடை 1970களின் தொடக்கத்திலுமே வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையைத் தொழிலாளர் தம் உடலாற் செலுத்தினர்.

எனினும், சாயும் மரத்தைத் தடுக்கும் கருவி எதுவுமில்லை. அதற்குக் கோடரிக் காலத்து முறையே இன்றும் துணை. மரம் விழவேண்டிய பக்கத்தில், அடிமரக் குறுக்களவின் ஐந்திலொன்று முதல் நாலிலொன்று ஆழத்திற்கு ஆப்பு வடிவில் வெட்டுதல் வேண்டும். பின்னர் மறுபக்கத்தில் அதனிலும் சற்று உயரமாக அறுத்தல் வேண்டும். முற்றாக அறுத்தலாகாது; குறுக்களவின் பத்திலொரு பங்கு மரத்தை இடையில் விடல் வேண்டும். அது கதவின் பிணைச்சல் போல நின்று, மரத்தைக் குறித்த திசையிற் சாய்க்கும். அதனையும் அறுத்தால் மரம் தன் போக்கிற் போகும்.

வாளை இயக்குமுன்னரே மரத்தின் சாய்வு, காற்று, பட்ட கிளைகள் ஆகியவற்றை நோக்கிப் பின்புறமாகச் சரிந்து விலக வழி செய்தல் வேண்டும். பிறர் மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தூரத்தில் நிற்றல் வேண்டும். கோடரியேந்தியவன் மரம் முறியும் ஒலியைக் கேட்டு விலகினான். யந்திர இரைச்சலோ அவ்வொலியை விழுங்கிவிடுகின்றது. ஆகவே, செவி முன்னர் செய்த காவலைக் கண்ணும் நிதானமும் இப்போது செய்தல் வேண்டும்.