பெரிய ஒப்பரேஷன், தனி வீடு: சம்மாந்துறையிலிருந்து ஒரு நோயாளியின் ஆயத்தம்

முதலில் வலி எதுவும் இல்லை. பெரும்போக விதைப்பு நேரத்தில் ஒரு காலை சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனது. இரண்டு நாளில் தெளிந்தது. சம்மாந்துறையில் இதற்கு யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சூடு காக்கா, இளநீர் குடியுங்க." குடித்தேன். ஒன்றரை மாதம் கழித்து மீண்டும் வந்தது. ஓரிடத்தில் காட்டியபோது கிருமித் தொற்று என்று குளிசை தந்தார்கள். அதற்கும் நின்றது. நின்று நின்று வருவதுதான் இந்த நோயின் ஏமாற்று. வலியில்லாத இரத்தம் ஒரு தடவை போனாலும் ஸ்கேனும், தேவைப்பட்டால் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் தலைமுறைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சோதனைச்சாவடிகளும் ஊரடங்குமாக இருந்த வருடங்களில் உயிர் போகும் வருத்தத்துக்கு மட்டும்தான் ஊரைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

கமரா பார்த்து, கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கியிருந்தது. உள் தோலோடு நின்றிருந்தால் சுரண்டி எடுத்து, பிசிஜி மருந்தைப் பைக்குள் விட்டுப் பார்த்திருப்பார்கள். காசநோய்க்குப் பிள்ளைகளுக்குப் போடும் அதே பிசிஜிதான். தசைக்குள் போனால் பையையே எடுப்பது வழக்கமான சிகிச்சை. ஆண்களுக்குப் புரோஸ்டேட்டும் சேர்ந்து போகும். சிலருக்கு கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பையைக் காப்பாற்றலாம். எனக்கு அது பொருந்தாது என்றார் வைத்தியர். சிறுநீரகம் தாங்கும் என்பதால் ஒப்பரேஷனுக்கு முன் சிஸ்பிளாட்டின் கீமோ தந்தார்கள், அது முடிந்துவிட்டது.

காரணம் கேட்டேன். முப்பது வருடம் சிகரெட் பிடித்தவன் நான். அது நெஞ்சுக்குத்தான் ஆகாது என்று நினைத்திருந்தேன். புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறதாம். இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைத்தல்தான் காரணம்.

பையை எடுத்த பின் சிறுநீர் எங்கே போவது? இரண்டு வழி சொன்னார்கள். குடலிலிருந்து ஒரு பை தைத்து உள்ளேயே வைப்பது ஒன்று. வெளியில் எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பைக்கு நிறைந்ததை உணர்த்தத் தெரியாது. ஆரம்பத்தில் இரவிலும் சில மணிக்கொரு தடவை எலாரம் வைத்து எழும்ப வேண்டும், சிலர் தாங்களே கெதீற்றர் போட்டு எடுக்க வேண்டி வரும். மற்றது, சிறுகுடலில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் துண்டு எடுத்து, சிறுநீரகக் குழாய்களை அதில் பொருத்தி, நுனியைத் தொப்புளுக்கு வலப்பக்கம் வெளியே கொண்டுவருவது. 1950இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் பிரிக்கர் விவரித்த முறை. ஆயுள் முழுக்க வெளியே ஒரு பை ஒட்டியிருக்கும்.

நான் இரண்டாவதைத் தெரிந்தேன். வைத்தியர் இரண்டையும் விளக்கினார், ஆனால் இரவு இரண்டு மணிக்கு என் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. எனக்கு இரண்டு மகன்கள். ஒருவன் கிண்ணியாவில் மனைவி வீட்டில், மற்றவன் டோஹாவில். மனைவி மௌத்தாகி ஆறு வருடம்.

டோஹா மகன் ஒப்பரேஷன் நாளுக்கு வருவதாக நின்றான். "அன்றைக்கு வேண்டாம் மகன், வார்டிலிருந்து துண்டு வெட்டும் நாளுக்கு வா" என்றேன். ஆஸ்பத்திரியில் பத்து நாளோ இரண்டு கிழமையோ தாதிமார் இருக்கிறார்கள். ஆள் தேவைப்படுவது அதன் பிறகுதான். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. கிணற்று வாளியும் அரிசிப் பையும் அதில் அடங்கும். இரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாதம் வரை ஊசி போடச் சொல்லலாம். அந்த விடுமுறையை முதல் நாளிலேயே செலவழித்துவிட்டால் மிச்ச நாட்களுக்கு யார்?

வெளிப்பையை மூன்றில் ஒரு பங்கு நிறையும்போதே திறந்து ஊற்ற வேண்டும். இரவில் பெரிய பையோடு இணைத்தால் எழும்பத் தேவையில்லை. சிறுநீரில் சளி மாதிரி மிதப்பது குடலின் இயல்பு, பயப்பட வேண்டாம். எத்தனை பை தந்து அனுப்புவார்கள், முடிந்ததும் எங்கே வாங்குவது, விலை என்ன என்பதை வீடு வருமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் மருந்துக் கடைகள் இரண்டில் விசாரித்தேன், இரண்டிலும் இல்லை.

போன கிளினிக்கில் தாதி வயிற்றில் பேனையால் புள்ளி வைத்தார். அது நான் சாறன் முடியும் இடத்திலேயே விழுந்தது. கட்டிக் காட்டினேன், சுஜூதுக்குக் குனிந்தும் காட்டினேன். இரண்டு விரல் கீழே இறக்கினார். வெட்கப்பட்டிருந்தால் ஆயுளுக்கும் அந்த முடிச்சோடு சண்டைதான். தொழுகை பற்றிப் பள்ளி மௌலவியிடமும் கேட்டேன். சிறுநீர் நிற்காமல் போகிறவர் ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்த பின் வுழூ செய்து தொழலாம் என்றார்.

எச்சரிக்கைகளை ஒரு மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: நடுக்கத்தோடு காய்ச்சல், வயிறு ஊதி வாந்தி, பையில் சில மணித்தியாலம் சிறுநீரே வராமை, காலில் வீக்கம். கீழே பெரிய எழுத்தில் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவிடம் ஒரு சாவி. சுபஹுக்குப் பிறகு என் யன்னல் திறக்காவிட்டால் அவர் வந்து தட்டுவார்.

வியாழன் இரவு கொழும்பு பஸ். ராத்தாவின் மகன் கூட வருகிறான். கட்டிலை நேற்று குளியலறைப் பக்கமாக இழுத்துப் போட்டோம்.