ஒரு காசும் ஒரு வண்டும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தை அமைந்திருக்கும் முனையில் இரு சாலைகள் சந்திக்கின்றன. ஒன்று, தமிழர் அனைவரும் அறிந்த சிராங்கூன் சாலை. மற்றொன்று, வடமேற்கு நோக்கி நீளும் புக்கிட் தீமா சாலை. இச்சாலை இட்டுச் செல்லும் குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர். தீவின் மிக உயர்ந்த இடம் அதுவே. மல்லிகைச் சரமும் முருங்கைக்காயும் மீனும் விலைபோகும் சந்தையைக் கண்டு பழகிய கண்களுக்கு, அச்சாலையின் மறுகோடியிலிருந்த காட்டில் வண்டுகளும் ஒரு காலத்தில் வணிகச் சரக்காக விளங்கின என்னும் செய்தி வியப்பளிக்கும். ஆயினும் அஃது உண்மை வரலாறு. ஒரு பொருளுக்கு விலை எங்ஙனம் உண்டாகிறது, அவ்விலையில் யாருக்குப் பங்கு கிடைக்கிறது, யார் பெயர் ஏட்டில் நிற்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவ்வரலாற்றில் விடை உண்டு.

முகவரும் சேகரிப்பாளரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் பூச்சி சேகரிப்பது கற்றோரிடையேயும் செல்வரிடையேயும் பெருவிருப்பமாக இருந்தது. தொலைநாட்டு வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் விலை கொடுத்து வாங்க அரும்பொருளகங்களும் தனியாரும் காத்திருந்தனர். அவ்விருப்பத்தை வாழ்வுக்கு வழியாகக் கொண்டவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். அவர் செல்வர் குடியிற் பிறந்தவர் அல்லர். அரசின் உதவித்தொகையில் ஆராய்ந்தவரும் அல்லர். தாம் பிடித்ததை விற்றுத்தான் அவர் உண்ண வேண்டியிருந்தது. இலண்டனில் அவருக்காக விற்பனை செய்தவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்னும் முகவர்.

வாலஸ் முதலிற் சென்றது அமேசான் காடுகளுக்கு. அங்கிருந்து 1852இல் திரும்புகையில், அவர் ஏறிவந்த கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. சேகரித்தவற்றுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு அச்சரக்கிற்குக் காப்பீடு செய்திருந்தமையால் வாலஸ் வெறுங்கையராகாமல் தப்பினார். பூச்சியும் பஞ்சு மூட்டையைப் போலவே காப்பீட்டுக்குரிய கடற்சரக்காகக் கருதப்பட்ட காலம் அது.

புக்கிட் தீமாவில் வாலஸ்

1854ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வாலஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. உடன் வந்தவன் சார்ல்ஸ் ஆலன் என்னும் இளைஞன். துறைமுக நகரில் காடு எஞ்சியிருக்கவில்லை. ஆதலால் அவர் புக்கிட் தீமாவுக்குச் சென்று, அங்குச் சீனக் கிறித்தவர்களுக்காகப் பணியாற்றிய பிரெஞ்சுக் குருவின் இல்லத்தில் தங்கினார்.

அவருடைய நாள்முறை ஓர் அலுவலருடையதைப் போல ஒழுங்குடையது. விடியுமுன் எழுந்து நீராடிக் காப்பி அருந்துவார். முதல் நாள் பிடித்தவற்றை வகைப்படுத்தி உலர வைப்பார். காலை உணவுக்குப்பின் வலையும் புட்டியும் ஊசியுமாகக் காடு புகுவார். பிற்பகலில் ஐம்பது அறுபது வண்டுகளுடன் திரும்புவார். காட்டில் புலிகள் இருந்தன; அவற்றைப் பிடிப்பதற்காகத் தோண்டி, சுள்ளியும் இலையும் கொண்டு மூடிவைத்த ஆழ்குழிகளும் இருந்தன. அக்குழிகளில் விழாமல் நடப்பதே ஒரு கலையாக இருந்தது.

ஏறத்தாழ இரண்டு திங்களில் அவருக்குக் கிட்டிய வண்டினங்கள் 700. அவற்றுள் 130 வகை, உடலினும் நீண்ட உணர்கொம்புகளையுடைய நீள்கொம்பு வண்டுகள். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு சதுர மைல் பரப்பினுள் கிடைத்தவை. கீழை நாடுகளில் பின்னர் எட்டாண்டுகள் அலைந்தும், அத்துணை வளமான இடத்தைத் தாம் அரிதாகவே கண்டதாக 1869இல் வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலில் அவர் பதிவு செய்துள்ளார்.

கோடரி தந்த வளம்

அத்துணை வண்டுகள் அங்கு எப்படி வந்தன? வாலஸே இதற்கு விளக்கம் தருகிறார். அக்காட்டில் சீனர் பல ஆண்டுகளாக மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். வீழ்ந்த அடிமரம், உரிந்த பட்டை, காய்ந்த இலை, மரத்தூள் ஆகிய அனைத்தும் வண்டுகளின் புழுக்களுக்கு உணவாயின. மரம் அறுப்போரின் வியர்வையே அவருடைய சேகரத்திற்கு அடியுரமாயிற்று எனலாம்.

நகரையும் உட்பகுதிகளையும் இணைத்த சாலைகள் பலவற்றை அமைத்தவர்களோ, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை அவர்கள் இத்தீவில் உழைத்தனர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தோரும் அவர்களுள் இருந்தனர். வண்டு கப்பலேறுமுன் அதன் பின்னே எத்தனை கைகள் இருந்தன என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறு ஆண்டில் சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தருகே தங்கியபோது, பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு தருவதாக வாலஸ் அறிவித்தார். டயக் மக்களும் சீனத் தொழிலாளரும் வெட்டுக்கிளிகளையும் குச்சிப்பூச்சிகளையும் அழகிய வண்டுகளையும் கொண்டுவந்து குவித்தனர். கொடுத்தவனுக்கு ஒரு காசு. அதே வண்டு இலண்டனை அடைந்ததும் அதன் விலை பவுன் கணக்கில் பேசப்படும் பொருள்களின் வரிசையிற் சேர்ந்தது. இடையிலே என்ன சேர்ந்தது? கப்பற்கூலி, காப்பீடு, முகவரின் தரகு ஆகியவை சேர்ந்தன. அவற்றோடு வேறொன்றும் சேர்ந்தது. அதுதான் சீட்டு.

சீட்டின் சிறப்பு

வாலஸ் தம் சேகரத்திலுள்ள பூச்சிகளின் ஊசியில் சிறிய வட்டத் தாள் ஒன்றைக் கோத்தார். பிடித்த இடத்தின் பெயர் அதில் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். இடம் தெரியாத வண்டு வெறும் அணிகலன். இடம் தெரிந்த வண்டு ஒரு சான்று. தமக்கென ஒரு தொகுதியை ஒதுக்கிக்கொண்டு, மிகுந்தவற்றையே அவர் விற்பனைக்கு அனுப்பினார். எந்த உயிரினம் எந்தத் தீவில் உளது, எதில் இலது என்று அச்சீட்டுகளைக்கொண்டு ஒப்பிட்டதனால் உயிரினப் பரவலைப் பற்றிய அவர் சிந்தனை தெளிவடைந்தது. 1858இல், இயற்கைத் தேர்வினால் உயிரினங்கள் மாறிவருகின்றன என்னும் கருத்தை எழுதி டார்வினுக்கு அனுப்பும் நிலைக்கு அவரை உயர்த்தியதில் அச்சேகரங்களுக்கும் பங்குண்டு. பூச்சி விற்ற பணம் அவருக்குச் சோறிட்டது. பூச்சியோடு காத்த சீட்டு அவருக்கு அறிவளித்தது.

எட்டாண்டுகளில் அவர் சேர்த்த உயிரின மாதிரிகள் 1,25,660. அவற்றுள் வண்டுகள் மட்டும் 83,200. எனினும் எந்தச் சீட்டிலும் ஒரு காசு பெற்றவனின் பெயர் இல்லை. ஒரே ஒருவர் ஓரளவு விதிவிலக்கு. சரவாக்கில் சமையற்காரராகச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர், பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, வாலஸின் வலக்கையானார். பச்சான் தீவில் 1858இல் ஒரு புதுவகைச் சொர்க்கப் பறவையை முதலில் சுட்டுக் கொண்டுவந்தவர் அவரே. அப்பறவைக்கோ வாலஸின் பெயர் இடப்பட்டது. பிரியும்போது சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட அலியின் நிழற்படத்தை வாலஸ் போற்றி வைத்திருந்து, 1905இல் தம் வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டார். நன்றி மறவாத பண்பு அது. ஆயினும் மரம் அறுத்தவர்க்கும் சாலை அமைத்தவர்க்கும் அந்த நிழற்படம்கூட இல்லை.

காடு சுருங்கிய பின்

பூச்சிகளுக்கு உணவளித்த கோடரி அங்கேயே நிற்கவில்லை. காசுக்கட்டித் தோட்டங்களும் பின்னர் வந்த பெருக்கமும் தீவின் காடுகளைக் கரைத்தன. ஆங்கிலேயர் வந்த 1819 முதற்கொண்டு காடுகளுள் 95 விழுக்காட்டுக்கு மேல் மறைந்துவிட்டன என்றும், அவற்றோடு உயிரினங்கள் பலவும் அழிந்தன என்றும் 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. நல்வாய்ப்பாகப் புக்கிட் தீமா குன்று 1880களிலேயே காப்புக் காடாக்கப்பட்டது. இன்று அங்கு உரிமம் இன்றி ஒரு பூச்சியைப் பிடிப்பதும் குற்றம். அக்காட்டின் பண்டைய வளத்துக்கு எஞ்சியுள்ள சான்றுகளுள், கடல் கடந்து இலண்டன் அரும்பொருளகத்தில் ஊசியேறி நிற்கும் அவ்வண்டுகளும் அடங்கும். விற்கப்பட்டதனால் அவை பிழைத்தன. சீட்டு இருந்ததனால் அவை பேசுகின்றன.

இக்காலச் சந்தை

இன்று ஸ்டீவன்ஸின் இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. கைப்பேசித் திரையில் விரலால் தொட்டால், முக்கோணத் தாளுறையில் சிறகு மடித்த வண்ணத்துப்பூச்சியும் கண்ணாடிச் சட்டத்துள் பதித்த காண்டாமிருக வண்டும் விலையோடு தோன்றுகின்றன. அஞ்சற்காரரே அவற்றை வீட்டில் சேர்க்கிறார். முகவரின் அறிவு வேண்டியதில்லை. பல நேரங்களில் சீட்டும் உடன் வருவதில்லை.

விலை உயர உயரக் களவும் பெருகும். ஆதலால்தான் காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் 1986இல் அதில் இணைந்தது. வாலஸ் 1855இல் சரவாக்கின் ராஜா புரூக்கின் பெயரிட்டு உலகுக்கு அறிவித்த பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சியை உரிய அனுமதிச் சான்று இன்றி இன்று நாடு விட்டு நாடு அனுப்ப இயலாது. அவ்வினத்தின் உறவான, பாப்புவா நியூகினியின் அலெக்சாண்ட்ரா அரசி வண்ணத்துப்பூச்சியின் பன்னாட்டு வணிகமோ முற்றிலும் தடுக்கப்பட்டுள்ளது. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் 2020இல் நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சாடிகளில் அடைத்து வைத்திருந்த அயல்நாட்டார் இருவர் பிடிபட்டனர். 2024இல் நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

இவ்வணிகம் முழுவதும் தீதென்று ஒதுக்குதலும் நேர்மையன்று. பாப்புவா நியூகினியின் புலோலோவில் 1978இல் ஓர் அரசு முகவாண்மை தொடங்கப்பட்டது. சிற்றூர் மக்கள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுவுக்குரிய கொடியைத் தம் தோட்டத்தில் நட்டு வளர்த்தனர். விளைந்த பூச்சிகளுள் சிலவற்றைக் காட்டுக்கு விட்டு, சிலவற்றை முகவாண்மையின் வழியே விற்றனர். பணம் வளர்த்தவர் கைக்குச் சென்றது. காடு இருந்தால்தான் கொடியும் பூச்சியும் உண்டு என்பதை அவர்கள் வருவாயின் வழியே உணர்ந்தனர். ஒரு காசு பெற்றவனுக்கும் உரிய பங்கு கிடைக்க வழி உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியரின் பணியும் ஒருவகையில் சீட்டெழுதும் பணியே. எந்த இடம், எந்தக் காலம், யாருடைய உழைப்பு என்னும் மூன்றும் பொறிக்கப்படாத செய்தி, சீட்டில்லாத வண்டைப் போன்றது. காண அழகாயிருக்கும், கருத்துரைக்காது. வாலஸின் சீட்டில் முதலிரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. தேக்காவிலிருந்து புக்கிட் தீமா வரை இன்று பேருந்தில் செல்லும் மாணவன், அச்சாலையின் இருமருங்கிலும் பெயரின்றி நிற்கும் மரம் அறுத்தோரையும் மண் சுமந்தோரையும் நினைப்பானாயின், அந்த மூன்றாவது வரி எழுதப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம்.