புண்பட்ட வீரரும் புகலிடமும்

போரில் வென்றவரை வரலாறு ஏட்டில் எழுதுகின்றது; வீழ்ந்தவர்க்கு நாடு கல் நடுகின்றது. ஆயின் கையோ காலோ கண்ணோ இழந்து வீடு திரும்பியவனின் பெயர் பெரும்பாலும் ஏட்டிலும் இல்லை, கல்லிலும் இல்லை. மாண்டவனுக்குச் செய்யும் கடன் ஒரு நடுகல்லோடு நிறைவுறலாம். மீண்டவனுக்குச் செய்யும் கடனோ அவன் உயிருள்ளவரை நீள்வது. அக்கடனை ஆற்றப் புகுந்த மேலைநாட்டார், அவனுக்குக் கூரை அளிப்பது வேறு, இல்லம் அளிப்பது வேறு என்பதனைச் செயலிற் காட்ட ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாறு கற்போர் சிந்தனைக்கு உரியது.

இவ்வெண்ணத்தின் வித்துப் பழமையானது. போரில் உறுப்பிழந்தோரை அரசு செலவிற் பேணும் சட்டத்தைப் பண்டை அதென்சு நகரில் பெய்சித்திராத்தசு ஏற்படுத்தினான் என்று புளூட்டாக் குறிப்பிடுகின்றார். கி. மு. 4ஆம் நூற்றாண்டில், உழைக்க இயலாதவராயும் மூன்று மினாவுக்குக் குறைந்த உடைமையினராயும் உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 2 ஒபல் வழங்கப்பட்டதை அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் அரசியல் நூல் தெரிவிக்கின்றது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்து காலத்தில், 1593இல் இயற்றப்பட்ட சட்டம், ஊனமுற்ற வீரரைப் பேணும் பொருட்டு ஒவ்வொரு கோவிற்பற்றும் வாரந்தோறும் வரி இறுக்க வேண்டுமென விதித்தது. இவையெல்லாம் பொருளுதவியே; வாழ்விடம் அன்று.

பிரான்சிலோ, ஊனமுற்ற வீரரைத் துறவியர் மடங்கள் ஏற்றுப் பேணுதல் நெடுநாள் வழக்காயிருந்தது. பாசறையிற் பழகியவனுக்கு மடத்து ஒழுங்கு பொருந்தவில்லை; மடத்தாரும் அவனை உவந்து ஏற்றாரல்லர். வீதிகளில் இரந்து திரிந்த பழைய வீரர் பலர். நாட்டுக்காகப் பொருதவன் பிச்சை ஏற்பது மன்னனுக்கு இழுக்கு. அக்காட்சியைக் கண்ட இளைஞர் படையிற் சேரத் தயங்குவர் என்னும் அச்சமும் உண்டு. ஆதலின் 1670இல் பதினான்காம் லூயி பாரிசில் அன்வலீட் என்னும் பெருமாளிகையை எழுப்ப ஆணையிட்டான். லிபெரால் புருவான் அதன் சிற்பி. 1674இல் வீரர் அங்குக் குடிபுகுந்தனர். உணவும் உடையும் மருத்துவமும் குறைவின்றிக் கிடைத்தன. செருப்புத் தைத்தல், திரைச்சீலை நெய்தல் முதலிய தொழில்களும் நடைபெற்றன. எனினும் அணி பிரித்து ஒழுங்கு நடத்தும் பாசறை வாழ்க்கையே அங்கும் தொடர்ந்தது. மனைவி மக்களுக்கு அங்கு இடமில்லை.

இதனைப் பின்பற்றி 1682இல் இரண்டாம் சாள்சு மன்னன் இலண்டனில் செல்சி அரச மருத்துவமனையை நிறுவினான். சேர் கிறிஸ்ரோபர் ரென் வரைந்த அக்கட்டடம் 1692இல் திறக்கப்பட்டபோது 476 வீரர் அதனுட் புகுந்தனர். அவர்தம் செந்நிற மேலங்கி இன்றும் உலகறிந்தது. பெண் வீரர் அங்கு முதன்முதல் ஏற்கப்பட்டது 2009இல் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உள்ளே இடம்பெற்றோரினும், வெளியே இருந்து உதவிப்பணம் பெற்றோர் தொகையே பின்னர்ப் பன்மடங்காயிற்று. இல்லாளும் மக்களும் இல்லாத இடத்தை இல்லம் என்று தமிழர் வழங்குவதில்லை. அவ்வகையில் அன்வலீட்டும் செல்சியும் சிறந்த விடுதிகளேயன்றி இல்லங்கள் ஆகா.

இவ்வுண்மையை வெளிப்படுத்தியது 1914இல் மூண்ட முதலாம் உலகப் போர். பிரித்தானிய வீரருள் மட்டும் 41,000க்கு மேற்பட்டோர் கையையோ காலையோ இழந்தனர். இவர்கள் முதியவர் அல்லர். மணந்து மக்களைப் பெற்றவரும், மணக்கவிருந்தவருமான இளைஞர். எஞ்சிய நாற்பது ஆண்டு வாழ்வை இவர்கள் எங்கே கழிப்பது? எத்துணைப் பெரிய மாளிகையும் இவ்வினாவுக்கு விடையாகாது.

விடை தேடியோர் அரசினர் மட்டும் அல்லர். நாடக அரங்குகளை நடத்திய சேர் ஒஸ்வால்ட் ஸ்ரோல் 1916இல் தொடங்கிய அறநிதி, ஊனமுற்ற வீரர் தம் குடும்பத்தோடு வாழ்தற்கென இலண்டன் புல்காமில் தொடர்மனைகளைக் கட்டியது. தோட்டக்கலையிலும் நகரமைப்பிலும் பேர்பெற்ற தோமஸ் மோசன், 1915இல் தம் மகன் ஒருவரைப் போர்க்களத்தில் இழந்தவர். ஊனமுற்ற வீரர்க்கெனத் தொழிலூர்கள் அமைக்க வேண்டுமென வற்புறுத்தி அவர் 1917இல் நூலொன்று வெளியிட்டார். நாடெங்கும் அத்தகைய ஊர்கள் எழ வேண்டுமென்னும் அவர் கனவை அரசு ஏற்கவில்லை. லங்காஸ்டர் நகரத்தார் ஏற்றனர். ஹேர்பேட் ஸ்ரோரி என்னும் செல்வர் தம் குடும்பத்துக்குரிய வெஸ்ற்பீல்ட் நிலத்தை அளித்தார். மக்கள் நன்கொடையால் வீடுகள் எழுந்தன. 1924 நவம்பரில் ஹேய்க் பிரபு அவ்வூரைத் திறந்துவைத்தார். ஊர் நடுவே நிற்கும் சிலை வெற்றி வீரனுடையதன்று. காயமுற்ற தோழனைத் தாங்கும் வீரனுடையது. அதனைச் செதுக்கியவர் ஜெனி டெலகன்ற் என்னும் பெண் சிற்பி.

ஹம்சயரிலுள்ள எனம் சிற்றூரில் 1919இல் தொடங்கிய முயற்சி, வீட்டோடு தொழிற்பயிற்சியையும் இணைத்தது. அலமெய்ன் வெற்றிக்கு நன்றியாக எகிப்து நாட்டார் 1945இல் 225,000 பவுண் அவ்வூருக்கு வழங்கினர். அதுமுதல் அது எனம் அலமெய்ன் எனப் பெயர்பெற்றது. பின்னர் போரோடு தொடர்பற்ற ஊனமுற்றோரையும் அது ஏற்கலாயிற்று.

ஊனமுற்றோர்க்குத் தனியூர் அமைத்தல் அவர்களை ஒதுக்கி வைப்பதாகாதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவ்வையத்தை முற்றாகப் புறந்தள்ளலாகாது. சுற்றுமதில் கட்டினால் ஊரும் விடுதியாகும். வாயிலைத் திறந்துவைத்தால் விடுதியும் ஊராகும். வெஸ்ற்பீல்ட் நகரை அடுத்து அமைந்தமையின், அங்கு வாழ்ந்தவன் தந்தையாகவும் அயலவனாகவும் நகரத்தானாகவும் வாழ வழி இருந்தது.

இவ்வரலாற்றில் ஈழத்துக்கும் ஓர் ஏடு உண்டு. போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11ஆந் தேதி இலங்கையில் விற்கப்பட்ட பொப்பி மலர்களின் வருவாய் பிரித்தானியப் படைவீரர் நலனுக்கே சென்றது. அதே போரிற் பங்குகொண்ட இலங்கை வீரரோ வறுமையில் வாடினர். இதனைப் பொறாத முன்னாட் படைவீரர் ஏலியன் பெரேரா, 1931இல் அந்நாளில் சூரிய மல் எனப்படும் பூவரசம்பூவை விற்று இலங்கை வீரர்க்கு உதவ முற்பட்டார். 1933இல் தென்கொழும்பு இளைஞர் கழகத்தார் அதனை மேற்கொண்டு ஏகாதிபத்திய எதிர்ப்பியக்கமாக வளர்த்தனர். உதவி யாரைச் சென்றடைகின்றது என்னும் வினாவை வேலியோரத்துப் பூவொன்று பேரரசை நோக்கி எழுப்பியது.

இவற்றால் அறியக்கிடப்பன இரண்டு. புண்பட்டவனுக்கு வேண்டுவது கூரை மட்டுமன்று. குடும்பமும் தொழிலும் அயலும் சேர்ந்த வாழ்வு. அவ்வாழ்வை இன்னார்க்கு உண்டு, இன்னார்க்கு இல்லை எனப் பகுக்கும் உதவி அறமாகாது. போரின் வடுவைத் தாங்கும் எந்நாடும், தான் நட்ட கற்களின் எண்ணிக்கையால் அன்று, மீண்டு வந்தவர்க்குத் திறந்த கதவுகளின் எண்ணிக்கையாலேயே மதிக்கப்படும்.