வேலையை விடாமல் படித்தவர்கள்

நூலக, தகவல் அறிவியலில் முதுகலைப் பட்டத்தை இணைய வழியில் பெற்றவர் என்றால் இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கல்லூரிக்குப் போய்ப் படித்ததுதான் படிப்பு, வீட்டிலிருந்து படித்தது அதற்கு ஒரு மாற்று என்பது பொதுக் கருத்து. மற்றத் துறைகளில் எப்படியோ, இந்தத் துறையின் வரலாறு அந்தக் கருத்துக்கு இடம் கொடுக்கவில்லை. வேலையில் இருந்துகொண்டே தொலைவிலிருந்து படிப்பதும் வகுப்பறையில் உட்கார்ந்து படிப்பதும் இங்கே ஏறக்குறைய ஒரே வயதுடையவை. பிரிட்டனில் நூலகச் சங்கம் 1885இல் முதல் தொழில்முறைத் தேர்வை நடத்தியது. மெல்வில் டூயி நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் உலகின் முதல் நூலகப் பள்ளியைத் திறந்தது 1887இல். பிரிட்டனில் நூலக உதவியாளர்கள் பகலில் வேலை பார்த்து, இரவில் தாமாகவே படித்துத் தேர்வு எழுதினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு அஞ்சல் வழி வகுப்புகளும் கிடைத்தன. முழுநேரப் பள்ளி ஒன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919இல்தான் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை அந்த நாட்டுக்கு அது ஒன்றே. அங்கே ஒரு தலைமுறை நூலகர்களில் பெரும்பாலோர் முழுநேர வகுப்பறை காணாமலே தகுதி பெற்றவர்கள்.

அந்த லண்டன் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்தான் எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். திரும்பி வந்தவர் தாம் படித்தது போன்ற முழுநேரப் பள்ளியைச் சென்னையில் உடனே தொடங்கிவிடவில்லை. 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் கோடைக்காலப் பள்ளி ஒன்றைத்தான் தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பாக அது வளர 1937 ஆயிற்று. முதலில் சில மாதங்கள், பிறகுதான் முழு ஆண்டு என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பிழைப்பை விட்டுவிட்டு வரமுடியாதவர்களுக்கும் படிப்பு எட்டவேண்டும் என்றால் அது அவர்களுடைய ஓய்வுக்காலத்துக்குள் அடங்கியாக வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1989இல் நூலக, தகவல் அறிவியல் இளநிலைப் பட்டத்தைத் தொலைநிலையில் தொடங்கியதையும் நான் இந்த வழியின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

தொலைநிலைப் படிப்பை மறுப்பவர்கள் சொல்வதில் வலுவான ஒன்று, நூலகப் பணி கைத்தொழில் என்பது. டூயியின் பள்ளியில் நூல்பட்டியல் அட்டையில் எழுதுவதற்கென்றே ஒரு கையெழுத்து முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். யார் எழுதினாலும் ஒன்றுபோல் தெரியவேண்டும், அலமாரி இழுப்பறையைத் திறந்து நிற்கும் வாசகர் தடுமாறாமல் படிக்கவேண்டும் என்பது நோக்கம். அந்தத் திறமை பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தாமல் வராது. உண்மைதான். ஆனால் தொழிலே பிறகு அட்டையை விட்டு நகர்ந்துவிட்டது. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஏவ்ரம் நூல்விவரங்களைக் கணினி படிக்கும் வடிவத்துக்கு மாற்றினார். 1967இல் ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்த ஓசிஎல்சி என்ற அமைப்பு, 1971 முதல் பொதுவான ஒரே பட்டியலைத் தொலைபேசிக் கம்பி வழியே நூலகங்களுக்குத் திறந்துவிட்டது. ஓர் ஊரில் ஒருவர் பதிந்த நூல்விவரத்தை வேறோர் ஊரில் இன்னொருவர் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தினார். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. இணையவழிப் பட்டம் வருவதற்குக் கால்நூற்றாண்டு முன்பே வேலை தொலைவழிக்குப் போய்விட்டது. அந்த வேலைக்கான படிப்பு மட்டும் நாற்காலி போட்ட அறையில்தான் நடக்கவேண்டும் என்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

இல்லினாய் பல்கலைக்கழகம் 1996இல் தொடங்கிய லீப் என்ற இணையவழிப் பட்டத் திட்டம், தொலைவிலிருந்தும் இதைப் படிக்கலாம் என்பதற்குச் சரியான சான்று. அதற்கு முன்பு அங்கே வெள்ளிக்கிழமை மட்டும் வகுப்பு என்ற ஏற்பாடு இருந்தது. பணியிலிருந்தவர்கள் வாரம் ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து படித்துப் போனார்கள். லீப் அந்தப் பயணத்தைப் பெருமளவு குறைத்தது. தொலைபேசி இணைப்பு வேகத்தில் ஆசிரியரின் குரல் மட்டும் நேரலையாக வரும். மாணவர்கள் அரட்டை அறையில் கேள்விகளைத் தட்டச்சு செய்வார்கள், ஆசிரியர் அதைப் படித்து வாயால் பதில் சொல்வார். ஆனால் தொடக்கத்தில் சில நாள்கள் எல்லோரும் வளாகத்தில் ஒன்றாகத் தங்கவேண்டும், பிறகு பருவத்துக்கு ஒருமுறை வந்து போகவேண்டும். கரோலின் ஹேதர்ன்த்வெயிட்டும் உடன் ஆய்வாளர்களும் இந்த மாணவர்களிடம் பேசி 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த முதல் சில நாள்களில் உண்டான நட்பே தொலைவில் தனித்துப் படித்த காலத்தில் அவர்களைத் தாங்கியது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

தொலைவில் படிப்பவர் தனிமையில் சோர்ந்துபோவார் என்ற மறுப்புக்கு இதிலேயே பதில் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. நம் நாட்டில் சட்டப்படி ஏற்றத்தாழ்வு நீங்கிவிட்டது. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்துவிட்டது. இப்போது என்னை உறுத்துவது வேறு. வளாகத்துக்கு ஒருநாள்கூட வரத் தேவையில்லை என்பதையே கவர்ச்சியாகச் சொல்லி ஆள்சேர்க்கும் படிப்புகள் பெருகிவிட்டன. லீப் மாணவர்களைக் கரைசேர்த்தது எதுவோ அதைத்தான் அவை செலவு என்று வெட்டுகின்றன. பருவத்துக்கு இரண்டு நாளாவது மாணவர்களை ஒரு நூலகத்தில் கூட்டி வைப்பதை, ஒப்புதல் தரும் அமைப்புகள் கட்டாய விதியாக்க வேண்டும்.